அக்காவுக்கு நான் அம்மாவா?

கேள்வி: நான் திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44. என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா, 20 வருடம் கனடாவில் இருந்துவிட்டு இப்போது விடுமுறையில் வந்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை இருவரும் கோணேசர் கோவிலுக்குப் போனோம். வழியில் பூ விற்ற பெண் என்னைக் காட்டி, "அம்மாவுக்கும் ஒரு சரம் தரட்டோ?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சிரித்துச் சமாளித்தார். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. பார்லரில் முழுத் தலைக்கும் கறுப்பு டை அடிக்கலாமா? கூடப் படிப்பிக்கும் ஒருவர் முகம் வெளுக்க ஒரு கிரீம் தந்தார், பூசலாமா? முடியை வெட்டினால் நல்லதா? கணவரோ, "இந்த வயதில் இனி என்ன அலங்காரம்?" என்கிறார். அன்று கோவில் வாசலில் எடுத்த படத்தையும் அனுப்புகிறேன். அற்ப விஷயம் என்று நினைக்காமல் பதில் எழுதுங்கள்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

அற்பமாக நினைக்கவே இல்லை. எனக்கு 39 வயதாக இருந்தபோது ஒரு சாமத்தியவீட்டில், என் சின்ன மகனைத் தூக்கிக் கொஞ்சிய ஒருவர், "பேரன் அம்மம்மா மாதிரியே இருக்கிறான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். 17 வருடம் போய்விட்டது. அன்று நான் கட்டியிருந்த சாறியின் நிறம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சாம்பல் நிறம். அதற்குப் பிறகு நான் அதைக் கட்டவில்லை.

உங்கள் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். உங்கள் முகத்துக்கு 44 வயதுக்கு மேல் சொல்ல முடியாது. முகத்தைச் சுற்றி இருப்பவைதான் வயதைக் கூட்டுகின்றன. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, நெற்றியில் திட்டாகத் தெரியும் வெள்ளைப் பவுடர், தோளை விட்டு இறங்கும் சட்டை, மண்நிறச் சாறி. நரை தெரியாமல் இருக்க எண்ணெய், மங்கு தெரியாமல் இருக்கப் பவுடர், உடம்பு தெரியாமல் இருக்கத் தொளதொளச் சட்டை என்று ஒவ்வொன்றையும் எதையோ மறைக்கத்தான் எடுத்திருக்கிறீர்கள். பூ விற்ற பெண்ணுக்கு முதலில் பட்டது அந்த மறைப்புகள். நீங்கள் இப்போது கேட்கும் கறுப்பு டையும் கிரீமும் அதே வரிசையில் இன்னும் இரண்டு மறைப்புகள். அதனால்தான் பயப்படுகிறேன்.

கிரீமை முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அது ஆபத்தானது. பூச வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவில் வரும் வெளுக்கும் கிரீம்களில் பாதரசமோ ஸ்டீரொயிட்டோ இருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட் கலந்ததென்றால் முதலில் முகம் பளபளக்கும், எல்லோரும் "என்ன பூசுகிறாய்?" என்று கேட்பார்கள். பிறகு தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியத் தொடங்கும், வெயில் பட்டால் எரியும். மெலிந்த தோல்தான் வயதான தோல். ஏற்கனவே சில மாதங்களாகப் பூசி வருகிறீர்கள் என்றால் தாமதிக்காமல் தோல் வைத்தியரிடம் டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அக்காவின் கன்னம் ஏன் தெளிவாக இருக்கிறது என்று கேட்டிருந்தால், பாதிப் பதில் வெயில். அவர் 20 வருடம் குளிர் நாட்டில் இருந்தார். நீங்கள் 20 வருடமாக, பாடசாலை விடும் ஒன்றரை மணி வெயிலில் வீட்டுக்கு நடந்தீர்கள். நம்மூர் வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உதடு வெடித்து, முகம் காய்ந்த கருவாடு மாதிரி இறுகிவிடும். கடற்கரைப் பக்கமாக நடந்தால், காய்ந்த மணலும் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்பும். 2012ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 28 வருடம் லொறி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம் அது. யன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்துச் சுருங்கியிருந்தது, வலது கன்னம் பல வருடம் இளமையாக இருந்தது. ஒரே ஆள், ஒரே முகம். கண்ணாடி தடுக்காத கதிர் செய்த வேலை.

ஆகவே, வெளுக்கும் கிரீமுக்குக் கொடுக்க நினைத்த காசுக்கு சன்ஸ்கிரீன் வாங்குங்கள். எஸ்பிஎஃப் (வெயில் தடுக்கும் அளவு) 30 போதும், 50 கிடைத்தால் நல்லது. சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு ஒவ்வொரு கோடு வைத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. காலையில் பூசியது ஒன்றரை மணிவரை நிற்காது, வெளிக்கிட முன் மறுபடி பூச வேண்டும். கன்னத்தில் மங்கு இருப்பதால், தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் இரும்பு ஒக்சைட்டு சாதாரண வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும், மங்குக்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம். அந்த நிறமே மங்கையும் கொஞ்சம் சமன் செய்துவிடும், பவுடர் தேவைப்படாது. குடையை மறக்காதீர்கள்.

இனி டை. எனக்கு 45 வயதில் தம்பி மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு பார்லரில் கறுப்பு டை அடித்தேன். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் விடிய நெற்றி தடித்து, ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. கல்யாணப் படம் ஒன்றிலும் நான் இல்லை. கறுப்பு டைகளில் பெரும்பாலும் இருக்கும் பிபிடி என்ற இரசாயனம் சிலருக்கு அப்படிச் செய்யும். முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி 48 மணித்தியாலம் பார்த்த பிறகுதான் தலைக்குப் போக வேண்டும். போன தடவை ஒன்றும் செய்யவில்லையே என்று இந்தத் தடவை விட முடியாது, ஒவ்வாமை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்.

ஒவ்வாமை இல்லாவிட்டாலும் முழுக் கறுப்பை நான் சொல்ல மாட்டேன். இருபது வயதில்கூட யாருடைய முடியும் மை ஊற்றியது போல ஒரே கறுப்பாக இருப்பதில்லை. அந்தக் கறுப்பு முகத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது கண்ணுக்குக் கீழே உள்ள நிழலும் வாயோரக் கோடும் இன்னும் எடுப்பாகத் தெரியும். அதோடு முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். இரண்டு கிழமையில் உச்சியில் வெள்ளைக்கோடு வந்துவிடும், பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போகும். நரைக்க விடுவதும் அழகுதான், ஆனால் உங்களுக்கு விருப்பமில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. அப்படியென்றால் கரும்பழுப்புக்குப் போங்கள். மருதோன்றி தனியாகப் போட்டால் நரை செம்மஞ்சளாகும். அதோடு அவுரித் தூளையும் கலந்து போட்டால் கரும்பழுப்பாக இறங்கும். "கறுப்பு மருதோன்றி" என்று பைக்கற்றில் எழுதியிருந்தால் வாங்காதீர்கள், அதிலும் பிபிடி இருக்கலாம்.

அலங்காரத்துக்கு வருகிறேன். உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். வயது போகப் போகச் சுருக்கம் மட்டும் வருவதில்லை. புருவம் ஐதாகும், இமையோரம் வெளிறும், உதட்டின் சிவப்பு மங்கும். முகத்தில் கறுப்பாகவும் சிவப்பாகவும் எடுத்துக் காட்டிய இடங்கள் மெல்ல மெல்லத் தோல் நிறத்தோடு கரைந்துவிடும். அந்த வேறுபாடு குறைந்த முகத்தை நாம் வயதான முகமாகப் பார்க்கிறோம் என்று ரிச்சர்ட் ரஸல் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2013ல் காட்டினார்கள். 2017ல் சீனா, தென்னாபிரிக்கா, பிரான்ஸ், லத்தீன் அமெரிக்கா என்று வேறு வேறு இடத்துப் பெண்களின் முகங்களை வைத்துப் பார்த்தபோதும் அதுதான் வந்தது. நம் அம்மம்மாமார் இதை ஆய்வு இல்லாமலே அறிந்திருந்தார்கள். கண்ணுக்கு மை, நெற்றிக்குப் பொட்டு, வாய்க்கு வெற்றிலைச் சிவப்பு. முகத்தில் எங்கே நிறம் வேண்டுமோ அங்கே மட்டும்.

வெள்ளைப் பவுடர் இதற்கு நேர்மாறான வேலை செய்கிறது. புருவத்தையும் உதட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே சாம்பலாக்கிவிடும், வியர்த்தால் கோடுகளுக்குள் போய் இருந்துகொள்ளும். அதை விட்டுவிடுங்கள். மையைக் கீழ் இமையில் போடாமல் மேல் இமையோரத்தில் மெல்லிசாக இழுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் கீழே போட்ட மை பத்து மணிக்கே இறங்கிக் கருவளையமாகிவிடும். புருவத்தை நூல்போல எடுக்க விடாதீர்கள், ஐதான இடத்தைப் பென்சிலால் தொட்டு நிரப்புங்கள். லிப்ஸ்டிக்கில் கடும் மெரூன் வேண்டாம், கடும் நிறம் உதட்டை இன்னும் மெல்லிசாக்கிக் காட்டும். உங்கள் உதட்டு நிறத்தைவிட ஒருபடி கூடிய செங்கல் ரோசா போதும். பொட்டு மட்டும் சாந்தாக இருக்கட்டும். ஒட்டுப்பொட்டின் பசை சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் தழும்பு போட்டுவிடும்.

இதே ரஸல் குழுவின் 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இருக்கிறது. அலங்காரம் செய்தபோது 40, 50 வயதுப் பெண்கள் அது இல்லாதபோது தெரிந்ததைவிட இளமையாகத் தெரிந்தார்கள். 30 வயதினருக்கு வித்தியாசம் இல்லை. 20 வயதினர் வயது கூடியே தெரிந்தார்கள். "இந்த வயதில் என்ன அலங்காரம்" என்று கேட்பவருக்குப் பதில் இதுதான், இந்த வயதில்தான் அது உதவுகிறது. நாம் செய்வது தலைகீழ். 12 வயதுப் பிள்ளையைச் சாமத்தியவீட்டில் நாலு அடுக்குப் பூச்சுக்குள் இருத்தி 30 வயது மணப்பெண்ணாக்குகிறோம். பக்கத்தில் நிற்கும் தாய், முகம் கழுவவும் நேரமில்லாமல் பவுடரை அப்பிக்கொண்டு படத்துக்கு நிற்கிறாள். அந்த ஆல்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பேருக்காகவும் மனம் நோகும்.

சாறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாறி வயதைக் கூட்டாது, அளவில்லாத சட்டைதான் கூட்டும். உங்கள் சட்டையின் தோள்தையல் கையில் கிடக்கிறது, கை மேற்கையின் மிகப் பருத்த இடத்தில் முடிகிறது. பல வருடத்துக்கு முன் தைத்துப் பிரித்துப் பிரித்துப் பெருப்பித்தது போலத் தெரிகிறது. புதிதாக அளவு கொடுங்கள், கை முழங்கைக்குச் சற்று மேலே முடியட்டும். அளவு கொடுக்கப் போகுமுன் நல்ல உள்ளாடை இரண்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கொப்பி திருத்திக் கூனிய முதுகுக்கும் தளர்ந்த உள்ளாடைக்கும் நடுவில் எந்த நல்ல சாறியும் அடிபட்டுப் போகும். நிறத்தில் "வயதுக்கு ஏற்றது" என்று கடைக்காரர் எடுத்துப் போடும் மண்நிறத்தையும் சாம்பலையும் ஒதுக்குங்கள். மத்திய வீதியில் கடைக்குப் போனால் துணியைக் கதவடிக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். உங்கள் மாநிறத்துக்கு மயில்பச்சையும் மாதுளைச் சிவப்பும் நிச்சயம் எடுக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சாறி ஒன்று, மடிப்பு நேராக ஊசி குத்தி, பாடசாலைக்குக் கட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

காதைக் கவனித்தேன், தோட்டின் பாரத்தில் துளை நீண்டிருக்கிறது. பாரமான தோடு விசேஷ நாட்களுக்கு மட்டும், மற்ற நாட்களில் சின்னக் கல்லுத்தோடு.

கணவர் சொன்னதைப் பெரிதாக எடுக்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை, அது வலிக்கும். ஆனால் அவர் 15 வருடமாக நீங்கள் உங்களுக்காக ஒன்றும் கேட்காததைப் பார்த்துப் பழகியவர். அவரிடம் அனுமதி கேட்பதுபோலக் கேட்காமல், "சனிக்கிழமை பின்னேரம் எனக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகளைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமையில்தான் முடியை வெட்டப் போகிறீர்கள். ஆம், வெட்டுங்கள். வருடக்கணக்காக இழுத்துக் கட்டியதில் நெற்றியோர முடி பின்வாங்கத் தொடங்கியிருக்கிறது. இறுக்கம் தளர்ந்தால் மேற்கொண்டு போகாது, சிலருக்குத் திரும்பவும் வளரும். முழுதாகக் குட்டையாக்க வேண்டாம், பழக முடியாமல் தவிப்பீர்கள். தோளுக்கு நாலு விரல் கீழே நிற்கட்டும், முன்பக்கத்தில் மட்டும் கன்னத்தளவுக்குச் சில கற்றைகள். பாடசாலைக்குத் தாழ்வாகத் தளரக் கட்டலாம். நேர் உச்சியை விட்டு ஒரு விரல் பக்கமாகப் பிரித்தால் ஐதான இடம் மூடும். தேங்காயெண்ணெயை விட வேண்டாம், முடிக்கு நல்லது. முழுகுவதற்கு முதல் நாள் இரவு வைத்து, காலையில் கழுவிவிடுங்கள். பகலில் எண்ணெயோடு போனால் முடி படிந்து உச்சந்தலை தெரியும். பார்லரில் கதிரையில் இருந்ததும் அவர்கள் டை, ஃபேஷியல் என்று கேட்பார்கள். இன்றைக்கு வெட்டு மட்டும் என்று சொல்லுங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீளம் எவ்வளவு என்று நீங்கள் தயங்கும்போது பின்னால் நின்று விரலால் அளந்து காட்ட ஒருவர் வேண்டும்.