தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கப் பணம் கட்டலாமா?

தம்பி, அடுத்த மாதம் கும்பகோணத்தில் மனைவிக்குப் பிரசவம், பின்னாளில் நோய் வந்தால் சிகிச்சைக்கு உதவும் என்று தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்க மாமனார் குறுவை நெல் விற்ற பணத்தைத் தருகிறார், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். மூத்த பிள்ளைக்குத் தலசீமியா மாதிரி ரத்த நோய் ஏதும் உண்டா? இருந்தால் ரத்தநோய் மருத்துவரிடம் கேட்டுச் சேமியுங்கள். 1988இல் பாரிஸில் நடந்த முதல் சிகிச்சையே தங்கையின் கொடி ரத்தத்தை அண்ணனுக்கு ஏற்றியதுதான். இல்லையென்றால் வேண்டாம் என்பேன். இப்படித் தனியார் வங்கியில் தனக்கென்று சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரும் பரிந்துரைப்பதில்லை. குழந்தைக்கே மரபணு நோய் வந்தால், அந்த ரத்தத்திலும் அதே குறை இருக்குமே! (வங்கியின் ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.) அப்புறம், கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டச் சொல்லி டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அந்த ரத்தம் குழந்தைக்குள் போனால் இரும்புச்சத்து கூடும், காசும் செலவில்லை.