சிலந்தி முன்னால் பயத்தை அடக்க வேண்டுமா?

கேள்வி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மழைக்கு முன் சுவரேறும் உள்ளங்கை அகல மழைச் சிலந்தியைக் கண்டு அலறுபவருடையது: சிலந்திப் பயம் போக்கும் சிகிச்சையில் பயத்தை அடக்கிக்கொண்டுதான் சிலந்தியைப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். "கால் மயிரைப் பார்த்தாலே குமட்டுது, மேலே பாயுமோன்னு நடுங்குது" என்று உள்ளது உள்ளபடி. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 88 பேர் டரான்டுலா என்ற பெரிய, மயிரடர்ந்த சிலந்தியை நெருங்கினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, இப்படிச் சொன்னவர்களின் கை வியர்வை (பயத்தின் உடல் அடையாளம்), "இது ஒன்றும் செய்யாது" என்று தேற்றிக்கொண்டவர்களைவிடக் குறைவு.

முதலில் சிலந்தியின் படம், பிறகு மூடிய ஜாடிக்குள் சிலந்தி, தூரத்திலிருந்து ஒவ்வோர் அடியாக நெருங்குங்கள். பாதியில் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும். கண்ணை இறுக மூடுவதும் அதே கணக்குத்தான். பயம் தணிந்த பிறகும் அருவருப்பு பலருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தோல்வி என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். உயிருள்ள சிலந்திக்கு வரும்போது உளவியலாளர் பக்கத்தில் இருக்கட்டும்.