கேரியர் என்று வந்த பெட்டை நாயைக் குட்டி போட விடலாமா?

கேள்வி: மூன்று வயது லேப்ரடார் பெட்டை வளர்க்கிறேன். மரபணுச் சோதனையில் பிஆர்ஏ (பிஆர்சிடி வகை) என்ற கண் நோய்க்கு ‘கேரியர்’ (பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவள்) என்று வந்திருக்கிறது. இணை சேர்க்க நினைத்த ஆண் நாய்க்குச் சோதனை செய்யவில்லை. அவனுக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. இனி இவளைக் குட்டி போட விடவே கூடாதா?

பதில்: தாராளமாக விடலாம். ஆனால் அந்த ஆண் நாய்க்கும் இதே சோதனையைச் செய்து, ‘கிளியர்’, அதாவது பழுதான மரபணு ஒன்றுகூட இல்லை என்று வந்த பிறகுதான்.

இந்த நோய் வர, பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர வேண்டும். உங்கள் பெட்டையிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் பிஆர்சிடியால் அவளுக்குப் பார்வை போகாது. கிளியரான ஆணோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் இது வராது. ஒவ்வொரு குட்டியும் கேரியராக இருக்க மட்டும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆணும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இது வாய்ப்புக் கணக்குதான். எட்டுக் குட்டியில் சரியாக இரண்டுக்குத்தான் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். நான்குக்கும் வரலாம், ஒன்றுக்கும் வராமலும் போகலாம்.

‘பார்வை நன்றாக இருக்கிறது’ என்பதை நான் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த நோய் குட்டியில் தெரியாது. வளர்ந்து சில வருடம் ஆன பிறகு முதலில் இருட்டில் தடுமாறும், அப்புறம் பகல் பார்வையும் மங்கும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. அது தெரிவதற்குள் அந்த ஆண் நாய்க்கு எத்தனையோ குட்டிகள் பிறந்திருக்கும்.

கேரியர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல குணமும் உடல்கட்டும் உள்ள நாய்களை ஒரே ஒரு மரபணுவுக்காகக் கழித்தால், மிஞ்சிய சில நாய்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்க்க வேண்டி வரும். அதில் வேறு நோய் தலைதூக்கும். இவள் போடும் குட்டிகளில் கிளியராக வரும் நல்ல குட்டியை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வதே என் வழி. மற்ற குட்டிகளை வாங்குபவர்களிடம் சோதனை முடிவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லா நோயிலும் ‘கேரியர்’ என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கோலி இன நாய்களில் எம்டிஆர்1 என்ற மரபணுப் பழுது உண்டு. அது இரண்டு பிரதி இருக்கும் நாய்க்கு, மாட்டுக்குப் போடும் அளவு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஒரே பிரதி இருந்தாலும் சில மருந்துகளில் எச்சரிக்கை வேண்டும். ஆடுமாடு வைத்திருக்கும் இடத்தில் இது முக்கியம்.

லேப்ரடாருக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இடுப்பு மூட்டுக் கோளாறு. இது பல மரபணுக்கள், தீனி, உடல் எடை எல்லாம் சேர்ந்து வருவது. ஒரே மரபணுவைப் பார்த்து ‘கிளியர்’ என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வயது தாண்டிய பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரே ஆணுக்கும் பெட்டைக்கும் இருக்கட்டும்.

ஆண் நாய்க்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து மாதிரி எடுத்தாலே போதும். தீனி தின்ற உடனே எடுக்காதீர்கள். குட்டிகளுக்கு எடுக்கும்போது தாயிடமிருந்து பிரித்து, பால் குடித்துச் சிறிது நேரம் ஆன பிறகு எடுங்கள். இல்லாவிட்டால் தாயின் செல்களும் கலந்து முடிவு குழம்பும். உங்கள் பெட்டை அடுத்த பருவத்துக்கு வருவதற்குள் ஆண் நாயின் முடிவு கைக்கு வரும்படி இப்போதே அனுப்பிவிடுங்கள்.