சாரட்டுக் குதிரையின் வயிற்று வலி

அன்புள்ள ஐயா,
பள்ளிகொண்டாவிலிருந்து எழுதுகிறேன். என் மாமா கல்யாண ஊர்வலங்களுக்கு சாரட்டு ஓட்டுபவர். போன மாதம் அவர் குதிரை வயிற்று வலியில் ராத்திரி முழுக்கப் புரண்டது. ஊசி போட்டும் கேட்கவில்லை. ஆபரேஷன் என்று குடலைக் கிழித்த குதிரை பிழைக்காது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். விடிகாலையில் வலி நின்று அமைதியானது. தேறிவிட்டது என்று நினைத்தோம். மதியத்துக்குள் செத்துப்போனது. ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருக்குமா?
ச.

அன்புள்ள ச.,
நான் மருத்துவன் அல்ல, காட்பாடியில் ஜட்கா ஓட்டியவரின் பேரன். தாத்தா குதிரையின் விலாவில் காதை வைத்துக் கேட்பார். குடல் இரைந்தால் பீடியைப் பற்றவைப்பார். சத்தமே இல்லையென்றால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் கிடையாது.

எனக்கு உறுத்துவது நீங்கள் சொன்ன அந்த அமைதிதான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கீழே குடல் அடைத்துக்கொண்டால் நீரும் வாயுவும் இரைப்பையிலேயே சேர்ந்து, கடைசியில் அது வெடித்துவிடும். வெடித்ததும் அழுத்தம் போய் குதிரை சற்று அடங்கி நிற்கும். டாக்டர் வந்ததும் மூக்கில் குழாய் விடுவது இதற்காகத்தான். உங்கள் குதிரைக்கு அதுதான் நடந்ததா என்பதை அறுத்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

பெரும்பாலான வயிற்று வலி மருந்திலேயே சரியாகிவிடும். முறுக்கிக்கொண்ட குடலும், மருந்துக்குக் கேட்காத அடைப்பும்தான் கத்திக்குப் போகின்றன. பெருங்குடல் 3 மீட்டருக்கு மேல் நீளம், மடிந்து மடிந்து, பெரும்பகுதி எதிலும் ஒட்டாமல் கிடக்கும். அது திருகினால் ரத்தம் நின்று சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். மயக்கம் கொடுத்து, மல்லாக்கப் போட்டு, அடிவயிற்றின் நடுக்கோட்டில் திறந்து திருகலை எடுப்பார்கள். சிறுகுடல் கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி முனைகளைத் தைப்பார்கள். மணல் அடைத்திருந்தால் குடலைக் கீறிக் கழுவுவார்கள். (பாலாற்றில் மேயவிடுகிறீர்களா? புல்லோடு மணலும் போகும். தீனியைத் தொட்டியில் போடுங்கள்.)

ஆக, குடலைக் கிழித்த குதிரையும் பிழைக்கும், நேரத்தோடு கிழித்தால். வேலூரிலிருந்து சென்னைக்கே சுமார் 140 கிலோமீட்டர். ராத்திரியில் லாரி பிடித்து, புரளுகிற குதிரையை ஏற்றிப் போய்ச் சேருவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்தாலும், மயக்கம் தெளிந்து எழும்போது கால் முறித்துக்கொண்ட குதிரைகள் உண்டு. மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சும்மா நிற்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடைக்கு உட்பக்கம் விரல் வைத்தால் தெரியும். 60-ஐத் தாண்டி, ஊசிக்குப் பிறகும் வலி திரும்பினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாமா அடுத்த குதிரை வாங்கும்போது, ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டாலும் வரக்கூடிய ஒரு லாரிக்காரரின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.