ஏற்றத்தில் கரும்புகை விடும் ஜீப்புக்குப் பெரிய டர்போ போடலாமா?

பழைய மிட்சுபிஷி ஜீப்பில் டொயோட்டா 2எல்-டி டர்போ எஞ்சின் ஏற்றியிருக்கிறீர்கள். ஏற்றத்தில் கரும்புகை, இழுவை இல்லை என்கிறீர்கள். பெரிய டர்போவுக்கு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) அவசரப்படாதீர்கள். கரும்புகை என்றால் ஊற்றுகிற டீசலுக்குக் காற்று காணாது. எஞ்சின் மாற்றிய வண்டிகளில் டர்போவிலிருந்து மனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) வரை ஹோஸைத் துண்டு துண்டாக இணைத்திருப்பார்கள்; காற்றுக் கசிவு என்ற முதல் சந்தேகம் அங்கேதான். எஞ்சினை நிறுத்தி, டர்போவில் காற்று நுழையும் வாயை அடைத்து, அந்த அடைப்பின் வழியே 10 பிஎஸ்ஐக்கு மேற்படாமல் காற்றுச் செலுத்தி, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். நுரைத்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

டர்போ தண்டையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்பின்னாக இழுபட்டாலோ, இறக்கை உறையில் உரசிய கீறல் தெரிந்தாலோதான் டர்போவுக்குச் செலவு.

அப்புறம் மேம்படுத்தல். காசை முதலில் ரேடியேட்டரில் போடுங்கள். 2எல்-டியின் சிலிண்டர் ஹெட் சூட்டில் வெடிப்பு விழுவதற்குப் பேர்போனது. கொழும்பு ட்ராஃபிக் வேறு. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய ஹெட் எடுத்தால், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும் பிரஷர் டெஸ்ட் பார்க்காமல் பூட்டாதீர்கள். புகைக்குழாய்க்கு வெப்பமானி பூட்டும்வரை பம்பில் டீசல் கூட்டும் ஸ்க்ரூவைத் தொடவும் வேண்டாம்.

மாற்றிய எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள வேலையை முதலில் முடியுங்கள்.