மகனுக்குக் கீலேஷன் செய்யலாமா என்று கேட்ட கோண்டாவில் தங்கச்சிக்கு

தங்கச்சி, 4 வயது மகனின் ஓட்டிசத்துக்குக் கீலேஷன் செய்யக் கனடா மச்சாள் காசு அனுப்புகிறாவாம். ஓட்டிசம் உள்ள பெரியவர்களோ குணப்படுத்தத் தேடவே வேண்டாம் என்கிறார்களாம். யாரைக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள்.

கீலேஷன் வேண்டவே வேண்டாம். அது ஈயம் போன்ற உலோகங்கள் உடம்பில் நஞ்சாக ஏறியவர்களுக்கு, அவற்றை மருந்து கொடுத்து வெளியேற்றும் சிகிச்சை. 2005இல் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள 5 வயதுச் சிறுவன் அதைச் செய்யும்போது இரத்தத்தில் கல்சியம் இறங்கி, இதயம் நின்று இறந்தான். ஓட்டிசத்தைப் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

அந்தப் பெரியவர்களின் பேச்சு உங்களைச் சுட்டிருக்கும். ஓட்டிசம் உள்ள ஜிம் சின்கிளேயர் 1993இலேயே பெற்றோருக்குச் சொன்னார்: ஓட்டிசத்தைப் பிள்ளையிலிருந்து பிரிக்க முடியாது, அது போகட்டும் என்று வேண்டுவது வேறொரு பிள்ளையை வேண்டுவதுதான் என்று. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. அதற்காகச் சும்மா இருங்கள் என்று அர்த்தமில்லை. நித்திரைக் குழப்பம், வலிப்பு, மலச்சிக்கல் இருந்தால் கட்டாயம் வைத்தியம் பாருங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் குழந்தை வைத்தியரிடம் பேச்சுச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். வேண்டியதைக் காட்டிக் கேட்கப் படஅட்டை கொடுத்தால் பேச்சு வராது என்பது பிழையான கதை, பயப்படாமல் கொடுங்கள்.

மேளச் சத்தத்துக்கு அழுகிறான் என்று நல்லூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போவதை நிறுத்தாதீர்கள். சனம் குறைந்த நேரம் பார்த்து, காதுக்கு ஏதாவது மாட்டிவிட்டுப் போங்கள்.