ஒரு லாகின், மூன்று கிளைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு மூன்று கிளைகள், கிளைக்கு ஒரு சிங்கிள் சைன்-ஆன் சர்வர் (ஒருமுறை லாகின் செய்தால் எல்லா அப்ளிகேஷனுக்கும் போதும்). மூன்றாவது கிளையில் இருக்கும் அப்ளிகேஷன்களில் மட்டும், சாம்ல் (லாகின் தகவலை அப்ளிகேஷனுக்குக் கொண்டுபோகும் முறை) வழியாக லாகின் செய்ததும் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று பிழை வருகிறது. கொஞ்சம் பொறுத்து அதே பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் உள்ளே விடுகிறது. ரெப்ளிகேஷன் (சர்வர்களுக்கிடையே தகவலைப் பிரதியெடுப்பது) லாக்கில் ஒரு பிழையும் இல்லை. எங்கே பார்ப்பது?

பதில்: ரெப்ளிகேஷனை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். முதல் கிளையின் சர்வர் சரியாக 10:00:00 மணிக்கு ஒரு டோக்கன் (லாகின் அனுமதிச் சீட்டு) தருகிறது. ‘இந்த நேரத்துக்கு முன் ஏற்காதே’ என்று அதற்குள் எழுதியிருப்பதும் 10:00:00 தான். மூன்றாவது கிளையின் கடிகாரம் அப்போது 9:59:52 காட்டினால், அந்தச் சர்வருக்கு அது இனிமேல்தான் பிறக்கப்போகும் டோக்கன், தள்ளிவிடும். எட்டு விநாடி கழித்து அதே டோக்கனை ரெஃப்ரெஷ் மறுபடி அனுப்புகிறது, கதவு திறக்கிறது. சந்தேகமிருந்தால் ரெஃப்ரெஷ் செய்யாமல் லாக்அவுட் செய்து, புதிதாக லாகின் செய்து பாருங்கள். புது டோக்கனுக்கும் அதே பிழை வந்தால் காரணம் இதுதான். கடிகாரம் முந்தி ஓடினால் விளைவு தலைகீழ்: டோக்கன் தன் ஆயுள் முடியும் முன்பே காலாவதியாகும்.

லினக்ஸில் கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி இருந்தால் மூன்று சர்வரிலும் ‘குரோனிசி ட்ராக்கிங்’ கட்டளையைக் கொடுங்கள். வித்தியாசம் மில்லி விநாடிகளில் இருக்க வேண்டும். முழு விநாடிகளில் இருந்தால் அடுத்து ‘குரோனிசி சோர்சஸ்’. அதில் ‘ரீச்’ என்ற பத்தியைப் பாருங்கள். 377 என்றால் கடைசி எட்டு கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. 0 என்றால் ஒன்றுக்கும் வரவில்லை; பெரும்பாலும் ஃபயர்வாலில் நேரம் கேட்கும் போர்ட்டான யூடிபி 123 அடைபட்டிருக்கும். நேரம் தரும் மூலங்கள் குறைந்தது நான்கு இருக்கட்டும். இரண்டு மட்டும் இருந்து அவை முரண்பட்டால் எது தப்பு என்று சொல்லவே முடியாது. மூன்றில் ஒன்று பொய் சொன்னால் பிடிபடும். நான்கு இருந்தால், ஒன்று விழுந்த பிறகும் அந்தப் பாதுகாப்பு நிற்கும்.

சர்வர் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அதை இயக்கும் ஹோஸ்ட்டின் நேரக் கருவியும் குரோனியும் ஒரே கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், ஒன்றை நிறுத்துங்கள். நிறுத்தி வைத்து எழுப்பிய மெஷினையும் கவனியுங்கள். ‘மேக்ஸ்டெப் 1.0 3’ என்ற வழக்கமான அமைப்பில், குரோனி தொடங்கிய முதல் மூன்று திருத்தங்களில்தான் நேரத்தை ஒரேயடியாக மாற்றும். அதன் பிறகு மெல்ல மெல்லத்தான் நகர்த்தும். எழுப்பியதும் ‘குரோனிசி மேக்ஸ்டெப்’ கொடுத்துவிடுங்கள்.

அப்ளிகேஷனில் நேர வித்தியாசத்துக்கு 30 முதல் 60 விநாடி வரை சலுகை வைக்கலாம். பிழை போனால் போதும் என்று பத்து நிமிடமாக்காதீர்கள். காலாவதியான டோக்கனும் அந்தப் பத்து நிமிடம் உயிரோடிருக்கும், கடிகாரக் கோளாறும் கண்ணில் படாமல் வளரும். கெர்பரோஸ் என்ற லாகின் முறையில் இயல்பான வரம்பு 5 நிமிடம். அது தாண்டினால் லாகின் மொத்தமாக நின்றுவிடும்.

கேள்வி: டோக்கனில் கையெழுத்திடும் சாவியை ஒரு சர்வரில் மாற்றினோம். மற்ற கிளைகளின் அப்ளிகேஷன்கள் எல்லாம் ‘கையெழுத்து தவறு’ என்று லாகினை மறுத்தன. பழைய சாவிக்கே திரும்பியபோது, புதுச் சாவியில் லாகின் ஆனவர்களும் வெளியே தள்ளப்பட்டார்கள்.

பதில்: வரிசைதான் தவறியது. புதுச் சாவியின் பொதுப் பகுதியை முதலில் எல்லாக் கிளைகளிலும் வெளியிடுங்கள். கையெழுத்து பழைய சாவியிலேயே தொடரட்டும். அப்ளிகேஷன்கள் சாவிப் பட்டியலை எவ்வளவு நேரம் கேஷில் வைத்திருக்குமோ, அதைப் போல இரண்டு மடங்கு நேரம் காத்திருங்கள். பிறகே புதுச் சாவியால் கையெழுத்து. பழையதை உடனே அழிக்கக் கூடாது. கீக்ளோக் என்ற சிங்கிள் சைன்-ஆன் மென்பொருளில் அதை ‘பாசிவ்’ நிலைக்கு மாற்றினால் சரிபார்க்க உதவும், கையெழுத்திடாது. பழைய சாவியில் வெளியான டோக்கன்களில் மிக நீண்ட ஆயுள் உள்ளதும் முடிந்த பிறகு நீக்குங்கள். சாம்ல் சான்றிதழைக் கையால் பதித்து வைத்த அப்ளிகேஷன்கள் இருந்தால் அவை தாமாக மாறாது. அவற்றை முன்பே பட்டியலிட்டு ஒவ்வொன்றாகத் தொட வேண்டும்.

கேள்வி: வேலையை விட்டுப் போனவரின் கணக்கைத் தலைமையகத்தில் முடக்கினோம். ஆனாலும் கிளையில் இரண்டு மணி நேரம் லாகின் செய்ய முடிந்தது. ஆக்டிவ் டைரக்டரிதான் (மைக்ரோசாஃப்ட்டின் பயனர் கணக்கு டைரக்டரி) பயன்படுத்துகிறோம்.

பதில்: கிளைகளுக்கிடையே ரெப்ளிகேஷன் இயல்பாக 180 நிமிடத்துக்கு ஒருமுறை, 15 நிமிடம் வரை குறைக்கலாம். முடக்கிய செய்தி அந்தச் சுற்றுக்காகக் காத்திருந்திருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினாலும் இதற்குத் தீர்வாகாது: கிளையின் டொமைன் கன்ட்ரோலரிடம் (அந்தக் கணக்குகளை வைத்து லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) இருப்பது பழைய பாஸ்வேர்டு, அது அதையே ஏற்கும். அவசரமென்றால் அந்த ஆள் இருக்கும் கிளையின் டொமைன் கன்ட்ரோலரோடு கன்சோலை இணைத்து, அங்கேயே முடக்குங்கள். நிரந்தரத் தீர்வாக, கிளைகளை இணைக்கும் சைட் லிங்கில் மாற்ற அறிவிப்பை (மாற்றம் நடந்ததுமே மற்ற கிளைக்குச் சொல்லும் வசதி) இயக்குங்கள். நல்ல லைன் இருந்தால் பெரும்பாலான மாற்றங்கள் சில நிமிடங்களுக்குள் போய்ச் சேரும்.

அதோடு முடியவில்லை. கையில் இருக்கும் டோக்கன் தன் ஆயுள் வரை வேலை செய்யும். அதனால்தான் அணுகல் டோக்கனுக்கு 5 நிமிடம் போதும் என்கிறோம். முடக்கும்போது அந்த ஆளின் செஷன்களையும் (நடப்பிலிருக்கும் லாகின்கள்) ரத்து செய்துவிடுங்கள்.

(ஓபன்எல்டாப் என்ற டைரக்டரி மென்பொருளை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சர்வரிலும் கடைசி மாற்றத்தைக் குறிக்கும் ‘கான்டெக்ஸ்ட் சிஎஸ்என்’ மதிப்பை ஒப்பிட்டுப் பார்த்தால் யார் பின்தங்கியிருக்கிறார் என்று தெரியும். அந்த மதிப்பே நேர முத்திரைதான். பல சர்வர்களில் எழுத அனுமதித்திருந்தால், கடிகாரம் முந்தி ஓடும் சர்வரின் மாற்றமே வெல்லும், அது உண்மையில் முன்பே செய்த மாற்றமாக இருந்தாலும்.)

கேள்வி: ஒரு டொமைன் கன்ட்ரோலர் கெட்டுப்போனது. போன வார ஸ்னாப்ஷாட்டை (அன்றைய நிலையின் பிரதி) ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஏற்றிய சர்வர், தான் ஏற்கெனவே பயன்படுத்திய வரிசை எண்களையே புது மாற்றங்களுக்கும் கொடுக்கும். ‘இதுவரை வாங்கிவிட்டோம்’ என்று மற்ற சர்வர்கள் அவற்றைத் தாண்டிப் போகும்; பிழை எதுவும் தெரியாமலே இரு பக்கமும் வேறுபடும். விண்டோஸ் சர்வர் 2012 முதல், ஹைப்பர்வைசரும் (விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் மென்பொருள்) ஆதரித்தால், இதைக் கண்டுகொள்ளும் பாதுகாப்பு உண்டு. அதை நம்பி இறங்குவதைவிட, கெட்டதை டைரக்டரியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை நிறுவி, நல்ல சர்வரிடமிருந்து முழுப் பிரதி எடுக்க விடுவதே நிம்மதி.

கேள்வி: இரண்டு மையங்களிலும் செஷன்களை உடனுக்குடன் பிரதியெடுக்க நினைக்கிறோம்.

பதில்: லைன் அறுந்தால் எந்த மையம் தொடர வேண்டும் என்று தீர்மானிக்க மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி சர்வர் வைக்க முடியுமா? முடியாவிட்டால் ஒன்றை இயக்கத்திலும் மற்றதைக் காத்திருப்பிலும் வையுங்கள். மாறும்போது பயனர் ஒருமுறை மறுபடி லாகின் செய்ய வேண்டிவரலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.